மிஞ்சிய சோறு, வாடிய கீரை: வீட்டில் சாப்பாடு வீணாவதைக் குறைக்க, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் சோறு வடிக்கிற, வாரத்துக்கு இரண்டு முறை மாவு அரைக்கிற, எந்நேரமும் ஃப்ரிட்ஜில் நாலு கிண்ணம் மூடியிருக்கிற தமிழ்நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதியவை இந்தப் பதில்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்டவைதான்.

ஒரு வீட்டில் அப்படி எவ்வளவுதான் வீணாகிவிடப் போகிறது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட உணவு விரய அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாகக் கணக்கிட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளில். ஓட்டல், கல்யாண மண்டபம், கடை எல்லாம் அப்புறம்தான். இந்தியாவுக்கு அந்த அறிக்கை தரும் மதிப்பீடு, வீடுகளில் மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 220 கிலோ ஆகிறது. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்பதை வாசலில் அடுக்கிப் பார்த்தால் ஏறக்குறைய அந்த எடை வரும்.

இந்தக் கணக்கில் தோல், எலும்பு, கொட்டை போன்ற சாப்பிட முடியாதவையும் சேர்ந்திருக்கின்றன. அதனால் 220 கிலோவும் நல்ல சாப்பாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதில் கணிசமான பங்கு நாம் காசு கொடுத்து வாங்கி, நறுக்கி, வேகவைத்து, பிறகு கொட்டியதுதான்.

எங்கள் வீட்டில் எதுவும் வீணாவதே இல்லையே?

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, கொட்டுவதையெல்லாம் ஒரு வரி எழுதி வைத்தோம். எடை பார்க்கவில்லை. என்ன, எவ்வளவு, ஏன், அவ்வளவுதான். "கொத்தமல்லி அரைக்கட்டு, கறுத்துவிட்டது." "சோறு இரண்டு கரண்டி, ஊசிப்போச்சு." "ஓட்டல் சாம்பார் இரண்டு பாக்கெட், பிரிக்கவே இல்லை." "பாதி எலுமிச்சை, காய்ந்துவிட்டது."

மாதக் கடைசியில் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தட்டில் மிச்சம் வைத்துக் கொட்டியது மிகக் குறைவு. நாம் பிள்ளைகளைத் திட்டுவதெல்லாம் தட்டைப் பார்த்துத்தான். ஆனால் வீணானதில் பெரும்பகுதி இரண்டே இடங்களில் நடந்தது: அரிசி அளக்கும் இடத்திலும், ஃப்ரிட்ஜின் பின்வரிசையிலும். உங்கள் வீட்டுத் தாள் வேறு மாதிரி சொல்லலாம். இரண்டு வாரமாவது எழுதிப் பாருங்கள்.

தினமும் சோறு மிஞ்சுகிறது. சரியான அளவு என்ன?

"ஒரு கை கூடப் போடு, யாராவது வந்தால்?" என்று சொல்லித்தான் நமக்கு அரிசி அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது அன்பிலிருந்து வந்த பழக்கம். பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில், மதியம் வந்தவருக்கு இலை போடும் வீட்டில், அந்த ஒரு கை வீணாகவில்லை. மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள், காலையில் வயலுக்குப் போகிறவர் குடித்துவிட்டுப் போனார். கழுநீரும் வடித்த கஞ்சியும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. இன்று மாடும் இல்லை, சொல்லாமல் வருகிற விருந்தாளியும் அனேகமாக இல்லை. அந்த ஒரு கை மட்டும் அப்படியே இருக்கிறது.

நூறு கிராம் அரிசி வடித்தால் 250 முதல் 300 கிராம் சோறு வரும். பழைய அரிசி தண்ணீரை அதிகம் குடித்து நன்றாக உபரி காணும், புது அரிசி அவ்வளவு காணாது. அதனால் கடையோ ரகமோ மாறினால் பழைய அளவு தப்பிவிடும். எங்கள் வீட்டில் அரிசி டப்பாவுக்குள் ஒரே ஒரு டம்ளர்தான் கிடக்கிறது. வீட்டில் யார் அளந்தாலும் அந்த டம்ளர்தான். மூன்று டம்ளரில் தொடங்கி, மிஞ்சுவதைப் பார்த்து, இரண்டேமுக்காலுக்கு வந்து நின்றோம். அந்தக் கால் டம்ளரைக் குறைக்கக் கை கூசியது உண்மை. ஒரு நாள் பற்றாமல் போனால் என்ன செய்வது என்ற பயம்தான். பற்றாமல் போன அன்று இரண்டு தோசை வார்த்தோம், யாருக்கும் வயிறு வாடவில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. யார் யார் சாப்பிட வருகிறார்கள் என்று சமைப்பவருக்குத் தெரிவதில்லை. ராத்திரி எட்டரைக்கு "நான் ஆபீஸிலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று வந்து நிற்பவர், உலை வைப்பதற்கு முன்பே ஒரு செய்தி அனுப்பினால் போதும். அளவைத் திருத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மிஞ்சிய சோறு, குழம்பை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரம். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம்தான். இது வீண் பயமில்லை. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். அரிசி வெந்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. "நன்றாகச் சூடு பண்ணிவிட்டேன், ஒன்றும் ஆகாது" என்பது சோற்றுக்குப் பொருந்தாது.

மதியச் சாப்பாடு முடிந்தவுடனே மிஞ்சியதை ஒரு தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் இருப்பது ஆற வெகுநேரமாகும். சோற்றை அடுத்த நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு தடவைதான் சூடு பண்ண வேண்டும், அதுவும் சாப்பிடுகிற அளவை மட்டும் எடுத்து.

குழம்புகளில் புளிக்குழம்பு, வத்தக்குழம்பு தாங்கும். தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டு, அவியல், குருமா முதலில் ஊசிப்போகும். அதனால் எது மிஞ்சினாலும் தேங்காய் சேர்ந்ததை முதலில் முடியுங்கள்.

அப்படியானால் பழைய சோறு?

பழைய சோறு என்பது மறந்து வெளியே விட்ட சோறு இல்லை. ஆறியவுடனே சோறு முழுகும்படி நல்ல தண்ணீர் ஊற்றி, சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்து, காலையில் சாப்பிடுவது. ராத்திரி முழுக்க அதில் லாக்டிக் அமிலப் பாக்டீரியா பெருகித் தண்ணீரைப் புளிக்கவைக்கிறது. அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகளை அடக்குகிறது. மதியம் வடித்து மாலை வரை வெறுமனே கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. கொழகொழப்பாக நூல் விட்டாலோ, புளிப்பை மீறிய நாற்றம் வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

மிஞ்சியதை எங்கள் அம்மா சாப்பிட்டுவிடுவார். அப்போது வீணாகவில்லைதானே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கொஞ்சம் காரமாகத்தான் பதில் சொல்வேன். குப்பைக்கூடைக் கணக்கில் அது வீண் இல்லை. ஆனால் அந்தச் சோறு போய்ச் சேர்ந்த இடம் ஒரு மனுஷியின் உடம்பு.

என் அத்தையை, அதாவது மாமியாரை, நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மூன்று மணிக்கு மேல், அடுப்பு மேடையோரம் நின்றபடியே காலையில் மிஞ்சிய இரண்டு இட்லி, முந்தின நாள் கூட்டு, சட்டியில் ஒட்டியிருக்கிற வழியலில் ஒரு பிடி சோற்றைப் போட்டுத் துடைத்து எடுத்த உருண்டை. அன்று புதிதாக வைத்த பொரியல் அவருக்கு இருக்காது. "தூக்கிப் போட மனசு வரலை" என்பார். அவருக்குச் சர்க்கரை நோய். பசிக்காக அவர் சாப்பிட்டதைவிடச் சட்டி காலியாக வேண்டும் என்பதற்காகச் சாப்பிட்டது அதிகம்.

வீட்டில் உணவு வீணாகக் கூடாது என்றால், அந்தப் பொறுப்பு வீட்டிலிருக்கும் அத்தனை பேருடையது. மிஞ்சியதை ஒருவர் தலையில் கட்டுவது அளவு தப்பியதை மறைக்கிறது, அவ்வளவுதான். நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். மிஞ்சியது எதுவானாலும் அடுத்த வேளை நடுவில் வைத்து, புதுசோடு சேர்த்து எல்லோருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பரிமாற வேண்டும். வியாழக்கிழமை ராத்திரி புதிதாக எதுவும் சமைப்பதில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கிற கிண்ணங்கள்தான் சாப்பாடு, பற்றாததற்குத் தோசை. முந்தாநாள் கோவைக்காய் மறுபடி தட்டுக்கு வந்தபோது என் மகனே கேட்டான்: "இவ்வளவு எதுக்கு வாங்கறீங்க?" அடுத்த வாரம் கால் கிலோ குறைத்து வாங்கினோம்.

இட்லி மாவு புளித்துப்போய்விட்டது. கொட்ட வேண்டியதுதானா?

புளித்தது வேறு, கெட்டது வேறு. முதல் நாள் இட்லி, அப்புறம் தோசை, அதற்கும் மேல் புளித்தால் வெங்காயம் பச்சைமிளகாய் தூவி ஊத்தப்பம், தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். ரொம்பப் புளித்திருந்தால் கொஞ்சம் அரிசி மாவோ ரவையோ கலந்துகொள்ளுங்கள், புளிப்பு தணியும். மேலே பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று எந்த நிறத்தில் புள்ளி தெரிந்தாலும் வழித்து எடுத்துவிட்டு வார்க்காதீர்கள், முழுக்கக் கொட்டுங்கள்.

அரைத்தவுடனே மாவை இரண்டாகப் பிரித்து, பாதியைப் புளிக்கவிடாமல் நேராக ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. அதை வேண்டும்போது முந்தின ராத்திரி எடுத்து வெளியே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை இரண்டே நாளில் போய்விடுகிறதே?

எங்கள் தாளில் அதிகம் வந்த பெயர் கொத்தமல்லிதான். கொசுறாக வருவதால் நமக்கு அதன் மேல் கவனம் இருப்பதில்லை. காசு கொடுத்து வாங்கினாலும் கொசுறாக வந்தாலும், அது விளையச் செலவான தண்ணீரும் உழைப்பும் ஒன்றுதான்.

கெடுவதற்குக் காரணம் ஈரம். வாங்கி வந்தவுடன் கழுவி வைத்தால் அழுகும், பிளாஸ்டிக் கவரோடு அப்படியே வைத்தால் வியர்த்து அழுகும். கட்டைப் பிரித்து, மஞ்சளானதையும் நசுங்கியதையும் நீக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். சமைக்கும்போது கழுவினால் போதும். பலர் செய்தித்தாளில் சுற்றுகிறார்கள். அச்சு மை உணவில் படுவது நல்லதல்ல என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது, அதனால் துணிதான். பழைய வேட்டித் துண்டு இதற்கென்றே செய்தது போல் இருக்கும். கறிவேப்பிலையை உருவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் வரும். மிஞ்சுவது போலத் தெரிந்தால் அன்றே வறுத்துப் பொடியாக்கிவிடுங்கள்.

வாழைப்பழம், தக்காளி, மாம்பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் கீரை இருந்தால் அது சீக்கிரம் மஞ்சளாகும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கிழங்கு முளைக்கும், வெங்காயம் ஈரமாகும்.

தக்காளி பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது யார் வீட்டிலும் ஒரு தக்காளி அழுகியிருக்காது. விலை விழுந்து மூன்று கிலோ, நாலு கிலோவாக வாங்கும் மாதத்தில்தான் கூடையின் அடியில் நசுங்கிக் கிடக்கிறது. மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் அன்று சாயங்காலமே தொக்குக் கிண்ட நேரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தோல், தண்டு, விதையில் எதையெல்லாம் சமைக்கலாம்?

நிறைய. பூசணி விதை, பலாக்கொட்டை, முள்ளங்கிக் கீரை, காலிஃபிளவர்த் தண்டு, தர்பூசணியின் வெள்ளைப் பகுதி (கூட்டுக்கும் மோர்க்குழம்புக்கும் அருமை), வாழைக்காய்த் தோல். கொத்தமல்லித் தண்டை நசுக்கி ரசத்தில் போட்டால் இலையைவிட மணக்கும்.

எனக்குப் பிடித்தது பீர்க்கங்காய்த் தோல் துவையல். காயை நன்றாகக் கழுவி, கூரான நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, மீதித் தோலை எடுங்கள். நல்லெண்ணெயில் ஒரு கரண்டி உளுத்தம்பருப்பும் நாலு வரமிளகாயும் சிவக்க வறுத்து எடுத்து வைத்து, அதே சட்டியில் தோலைப் போட்டுப் பச்சை வாடை போகும்வரை சுருள வதக்குங்கள். இதை அவசரப்பட்டால் துவையல் புல் மாதிரி இருக்கும். கடைசியில் நெல்லிக்காயளவு புளி, ஒரு பிடி தேங்காய். ஆறியபின் உப்புச் சேர்த்து, தோலை முதலில் ஓட்டிவிட்டுப் பருப்பைக் கடைசியில் போட்டு, கொரகொரப்பாக எடுங்கள். சுடுசோறும் நல்லெண்ணெயும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: சுரைக்காய், பீர்க்கங்காய் வகைகளில் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை முழுக்க எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு, சமைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தவர்கள்கூட நம் நாட்டில் உண்டு. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் அப்படித்தான், வேண்டவே வேண்டாம்.

பூசணம் பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடலாமா?

ரொட்டி, சமைத்த உணவு, தயிர், ஜாம், மென்மையான பழம் என்றால் கூடாது. கண்ணுக்குத் தெரிவது மேல்பகுதிதான், இழைகள் உள்ளே ஓடியிருக்கும். காரட் போன்ற கெட்டியான காயில் சின்னப் புள்ளி என்றால் சுற்றிலும் தாராளமாக, ஓர் அங்குலத்துக்கு வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். வேர்க்கடலை, கொப்பரையில் பூசணம் இருந்தால் இரக்கமே வேண்டாம். அதில் அஃப்ளாடாக்சின் இருக்கலாம். கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாக அழியாது. இப்படிப்பட்டதைக் கொட்டுவதற்கு மனம் வருந்தாதீர்கள்.

பாக்கெட்டில் தேதி முடிந்துவிட்டால்?

இரண்டு விதமான தேதி உண்டு. "யூஸ் பை" அல்லது "எக்ஸ்பைரி" என்று இருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. "பெஸ்ட் பிஃபோர்" என்பது அதுவரை சுவையும் தரமும் குறையாது என்ற உறுதி மட்டும். கடந்த மறுநாளே நஞ்சாகிவிடாது. ஆனால் எண்ணெய்ப் பண்டம் சிக்கு வாடை அடித்தால் தேதி இருந்தும் பயனில்லை.

பருப்பிலும் ரவையிலும் வண்டு வந்துவிட்டது.

பருப்பை வெயிலில் காயவைத்துப் புடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். டப்பாவில் இரண்டு வரமிளகாயோ ஒரு துண்டு வசம்போ போட்டு வைப்பது பழைய வழக்கம். ரவை, மைதாவை வாங்கியவுடன் மூன்று நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் முட்டைகள் செத்துவிடும். இதைவிட எளிது, மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வாங்காமல் இருப்பது.

கரண்ட் போனால் ஃப்ரிட்ஜில் இருப்பது எவ்வளவு நேரம் தாங்கும்?

கதவைத் திறக்காவிட்டால் நாலு மணி நேரம். நிறைந்திருக்கும் ஃப்ரீசர் இரண்டு நாள் வரை தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தாலே பாலையும் மீனையும் வாங்கிக் குவிக்காமல், இருப்பதை முதலில் சமைத்து முடிப்பது நல்லது.

விசேஷத்தில் நிறைய மிஞ்சிவிட்டால் யாரிடம் கொடுப்பது?

கோயம்புத்தூரில் 2014-ல் தொடங்கிய "நோ ஃபுட் வேஸ்ட்" அமைப்பு கல்யாண வீடுகளில் மிஞ்சும் உணவை வாங்கிப் பசித்தவர்களிடம் சேர்க்கிறது. சென்னை பெசன்ட் நகரில் 2017-ல் "அய்யமிட்டு உண்" என்ற பெயரில் ஒரு பொதுக் குளிர்பெட்டி வைத்தார்கள். யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். உங்கள் ஊரில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று விசேஷத்துக்கு முந்தின நாளே விசாரித்துப் பேசி வைத்துவிடுங்கள். பந்தி முடிந்து மூன்று மணி நேரம் கழித்து எண் தேடினால் சாம்பார் அதற்குள் ஊசிப்போயிருக்கும். நமக்கு வேண்டாம் என்று தோன்றுகிற பழசைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். நம் பிள்ளைக்குப் போடுவோமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எல்லாம் செய்த பிறகும் தோலும் சக்கையும் மிஞ்சுமே?

மிஞ்சும். அதை மக்காத குப்பையோடு சேர்த்துக் கட்டிப் போட்டால் பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரி ஒரு குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது.

மொட்டை மாடியில் ஒரு பழைய மண்பானையோ, பக்கத்தில் துளை போட்ட பெயிண்ட் வாளியோ போதும். அடியில் தேங்காய் நார், அதன்மேல் ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. தொடக்கத்தில் ஒரு கை புளித்த மோர் தெளித்தால் வேகமாக மக்கும். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போடுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். மீன், கறி, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், எலி வரும். இரண்டு மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு வரும். எங்கள் வீட்டில் அது முழுக்க ஒரு தொட்டிக் கறிவேப்பிலைக்கே போகிறது. கறிவேப்பிலை வாங்கி ஒரு வருஷமாகிறது.

டீத்தூள், முட்டை ஓட்டையும் அதில் போடலாமா?

போடலாம். டீத்தூளைச் சர்க்கரை போக அலசிவிட்டு, முட்டை ஓட்டை நொறுக்கிவிட்டு.